ஒர்னெல்லா கட்டிய ஒரே கட்டடம்

முதலில் ஒரு விடுகதை. கூரை இருக்கும், மழைக்கு ஒதுங்க முடியாது. கதவு இருக்கும், உள்ளே போக முடியாது. படிகள் இருக்கும், ஏறியவர் ஒருவரும் இல்லை. அது என்ன? பத்திரிகையில் நான் எழுதும் சிறுவர் பகுதியில் இப்படிக் கேட்டுவிட்டு விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுவது என் வழக்கம். இங்கே உங்கள் கழுத்தை வருத்தாமல் நேராகவே சொல்லிவிடுகிறேன்: கட்டப்படாத கட்டடத்தின் படம்.

கட்டடக் கலைஞரின் தொழில் கட்டடம் கட்டுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் கட்டப்படாதவற்றைப் படமாகக் கீறும் தொழில். லண்டனில் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை நீட்ட ஆசைப்பட்டு, கவுன்சிலின் அனுமதிக்குக் காத்திருந்தே தலை நரைத்தவர்களுக்கு இது புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒர்னெல்லா என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞரிடம். நோர்பரியில் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். கீழே இயந்திரங்கள் சுழலும்போது மேலே மேசைகள் இலேசாக நடுங்கும். ஒர்னெல்லா யோசிப்பார், நான் அதைக் கணினியில் கீறுவேன். மூலையில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்திருந்த டெரன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், நாங்கள் கீறியது நிற்குமா விழுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்வார். நான் சேர்ந்த அன்று ஒர்னெல்லா தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: “எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. ஒரே ஒரு கட்டடம். வெறும் நிலத்தில் தொடங்கிக் கூரை வரை என்னுடையதாக இருக்க வேண்டும். அதற்குள் ஆட்கள் போய்வர வேண்டும். அது முடிந்தால் நான் ஊருக்குப் போய்விடுவேன்.” அப்போது அவருக்கு முடி முழுவதும் கறுப்பு.

வாசலில் ஒரு மலை

நான் சேர்ந்தபோது முடிவடையும் தறுவாயில் இருந்த வேலை குணம் அண்ணையின் வீடு. எங்கள் தெருவிலேயே பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவருடைய வீட்டின் முன்வாசலைத் திருத்திப் பின்பக்கத்தை நீட்டி ஓர் எக்ஸ்ரென்சன் போடும் வேலை. படம் கீறி முடிந்து, கல்லும் வந்து இறங்கிவிட்டது. வாசல்தான் அந்த வீட்டின் அழகு. கதவைத் திறந்தால் வெளிர்நிறக் கல் பதித்த தரை நேராக ஓடும். அதன் முடிவில் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் தோட்டத்தின் கடைசி மரம். இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. “கண் எதிலும் இடறக் கூடாது” என்பது ஒர்னெல்லாவின் கட்டளை.

திருத்திய வீட்டுக்குக் குடிபூரல் அன்று நாங்கள் கொஞ்சம் பிந்திப் போனோம். கதவைத் திறந்தால் மரத்தைக் காணவில்லை. சப்பாத்துகளின் மலை ஒன்றுதான் தெரிந்தது. குதி உயர்ந்தவை, தடகளச் சப்பாத்துகள், மழைக்காலத்துப் பூட்ஸ், நடந்தால் விளக்கு மின்னும் குழந்தைச் சப்பாத்துகள். வந்தவர்கள் எல்லோரும் வழக்கப்படி வாசலில் கழற்றியிருந்தார்கள். வைப்பதற்குத்தான் இடம் கீறப்படவில்லை. ஒர்னெல்லா ஒரு காலை உள்ளே வைத்தார். யாருடையதோ ஒரு பூட்ஸ் உருண்டது. குணம் அண்ணையின் மனைவி ஓடிவந்து கையைப் பிடித்து, ஆற்றைக் கடக்க வைப்பதுபோல் அவரை மறுகரைக்கு இழுத்துச் சேர்த்தார். குணம் அண்ணை பட்டுவேட்டியோடு வந்து மலையைப் பார்த்தார், ஒர்னெல்லாவைப் பார்த்தார். பிறகு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் கேட்டார்: “வாசல் வடிவுதான், அதில குறை சொல்லேலாது. ஒரு சந்தேகம் மட்டும். மிஸ்ஸின்ர ஊரில சனம் சப்பாத்தோடயே படுக்கிறதோ?”

ஒழுகாத நூலகம்

வடக்கு லண்டனில் ஒரு கால்வாய்க் கரையில் சிறுவர் நூலகம் கட்டப் போட்டி வைத்தார்கள். போட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏராளமான அலுவலகங்கள் கூலியில்லாமல் ஒரே கட்டடத்தை ஏராளமான விதங்களில் கீறி அனுப்பும். ஒருவர் கட்டுவார். மற்றவர்களுக்கு அனுபவம் கிடைக்கும்.

ஒர்னெல்லா அந்த வசந்தகாலம் முழுவதையும் அதற்கே கொடுத்தார். அவருடைய நூலகத்தில் யன்னல்கள் எல்லாம் தரைக்குக் கிட்ட, பதிவாக இருந்தன. குழந்தை நின்றால் கால்வாய் தெரியும்; பெரியவர்கள் குனிந்தால்தான் தெரியும். அகலமான படிகள் நடப்பதற்கு மட்டுமல்ல, இருந்து வாசிப்பதற்கும். அட்டையிலும் மெல்லிய மரத்திலும் அதன் சிறு உருவைச் செய்தோம். உள்ளே வைப்பதற்குக் காகித மனிதர்களை வெட்டுவது என் வேலை. பெரியவர்களை வெட்டியபோது ஒர்னெல்லா எல்லோரையும் எடுத்துவிட்டு, “குழந்தைகள் மட்டும் போதும்” என்றார்.

இரண்டாம் இடம் கிடைத்தது. யன்னல்களைப் பற்றி நடுவர்கள் மிகவும் அன்பாக எழுதியிருந்தார்கள். முதலிடம் பெற்ற நூலகம் கட்டி முடிந்ததும் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். நல்ல கட்டடம்தான். யன்னல்கள் பெரியவர்களின் கண்மட்டத்தில் இருந்தன. வெளியே தெரிவது என்னவென்று கேட்ட ஒரு பிள்ளையைத் தகப்பன் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் நூலகம் அலுமாரியின் மேலே ஏறியது. அங்கே ஏற்கெனவே ஒரு சந்தையும், ஒரு கல்லறைத் தோட்டத்துப் பிரார்த்தனைக்கூடமும், ஒரு பேருந்துத் தரிப்பிடமும் தூசி படிந்து இருந்தன. எல்லாம் இரண்டாம் இடங்கள், மூன்றாம் இடங்கள். டெரன்ஸ் ஒருநாள் கதிரையில் ஏறி நூலகத்தை இறக்கினார். தன் கைக்குட்டையால் அதன் கூரையை மெதுவாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்ல கட்டடம், ஒர்னெல்லா. ஒருநாளும் ஒழுகாது.”

பார்ப்பதற்கு ஒரு குசினி

கிங்ஸ்பரியில் ஒரு வீடு. கணவர் மருத்துவர், மனைவி வங்கியில் வேலை. இருவரும் திருச்சியிலிருந்து வந்தவர்கள். பின்பக்கச் சுவரை எடுத்துவிட்டு, சமையல், சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே பெரிய அறையில் நடக்கும்படி ஒர்னெல்லா கீறினார். இத்தாலியில் தன் வீட்டில் அப்படித்தான் என்றார். சமைப்பவர் தனியே நிற்கக் கூடாது. அடுப்புக்கு எதிரே தோட்டம் முழுவதும் தெரியும் யன்னல். இந்த முறை வாசலில் சப்பாத்துக்கு அலுமாரி, அதன் அருகே இருந்து கழற்றச் சிறிய வாங்கு. குணம் அண்ணையின் வீட்டுக்குப் பிறகு எந்தப் படத்தையும் அவர் அங்கேயிருந்துதான் தொடங்கினார்.

அடுத்த வருடம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கட்டடக் கலைஞரை வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிடுவது சாதாரண விசயமில்லை என்பதால், ஒர்னெல்லா தலைமயிரை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வந்தார். சப்பாத்து அலுமாரி நிறைந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது. குசினிக்குள் போனோம். அடுப்பின் மேல் ஒரு பூச்சாடி. கல்மேசையில் ஒரு துளி மஞ்சள் இல்லை. கட்டி முடித்து நாங்கள் படம் பிடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆனால் எங்கேயோ மீன் பொரியும் வாசம் வந்தது.

ஒர்னெல்லா யன்னலுக்கு அருகே போனார். தோட்டத்தின் நடுவில், அவர் அவ்வளவு கவனமாக யன்னலுக்கு நேரே விட்டுவைத்த புல்வெளியில், ஒரு மரக் கொட்டில் எழுந்திருந்தது. அதன் சிறிய குழாயிலிருந்து புகை வந்தது. மருத்துவரின் மனைவி அங்கிருந்து, தலையில் துவாய் கட்டி, கையில் சட்டியோடு, மழைத்தூறலில் ஓடிவந்தார். “இங்கே சமைப்பதில்லையா?” என்று ஒர்னெல்லா கேட்டார். அந்த அம்மா உண்மையாகவே பதறிப்போனார்: “ஐயோ மேடம், இவ்ளோ அழகா கட்டிக் கொடுத்திருக்கீங்க! இதுல போய் யாராவது சமைப்பாங்களா?”

பாஸ் இல்லாதவர்

சொந்த அலுவலகம் தொடங்குவதற்கு முன்பு ஒர்னெல்லா ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்தார். லண்டனின் நடுப்பகுதியில் நிற்கும் ஒரு கண்ணாடிக் கோபுரத்துக்கு அவர்கள்தான் படம் கீறினார்கள். அதில் ஒர்னெல்லாவின் பங்கு, அவசரகாலப் பின்படிக்கட்டும் கழிவறைக் கதவுகளும். பல வருடங்கள் அதையே கீறினார். இளமையில் இத்தாலியை விட்டு வந்தவர்களுக்கு இந்த நகரம் முதலில் கொடுப்பது கழிவறைக் கதவுகள்தான் என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லவில்லை.

ஒரு குளிர்காலப் பகலில் அந்தப் பக்கம் வேறு அலுவலாகப் போயிருந்தோம். “வா, காட்டுகிறேன்” என்று என்னை அழைத்துப்போனார். வரவேற்பு மண்டபத்தில் காவலுக்கு நின்றவர் என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் கேட்டார். “என்ன அலுவல், அக்கா?”

நான் விளக்கினேன்.

“இவவோ இதைக் கட்டினவ?”

“இவவும் ஒரு ஆள்.”

“எந்தப் பக்கம்?”

“பின்படிக்கட்டு. ரொய்லெற் கதவுகளும்.”

அவர் சிரிக்கவில்லை. சீரியசாக யோசித்தார். “அது நல்ல படி, அக்கா. நெருப்பு மணி அடிச்சால் முழுச் சனமும் அதாலதான் இறங்குறது. ஒருத்தரும் முட்டுப்படுறேல்ல. சொல்லுங்கோ அவவுக்கு.”

சொன்னேன். ஒர்னெல்லாவின் கன்னம் சிவந்தது. பதினைந்து நிமிடம், ஒரு மாடி மட்டும், படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்கச் சொன்னார். காவலர் தடுப்புக் கதவுவரை நடந்தார். கையையும் நீட்டினார். பிறகு நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேலே கமரா இருந்தது. அவர் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னது இதுதான்: “குறை நினைக்காதேங்கோ, அக்கா. கட்டினவ எண்டால் அவவிட்ட ஒரு பாஸாவது குடுத்திருப்பாங்களே?”

கலியாணமும் வைக்கலாமா?

ஒர்னெல்லாவின் முடி பாதி நரைத்திருந்த காலத்தில் வடக்கு லண்டனின் எட்மண்டனிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் யோகராசா. குணம் அண்ணையின் மைத்துனர், அங்குள்ள சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர். பள்ளி ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதையும் சேர்த்தே நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அதில் வகுப்பறைகள் கட்ட வேண்டும்.

போய்ப் பார்த்தோம். முழங்கால் உயரத்துக்கு, பட்டால் அரிக்கும் சுணைச்செடி. நடுவில் யாரோ எறிந்துவிட்டுப் போன குளியல்தொட்டி. ஒர்னெல்லா செடிகளுக்கு நடுவே போய் நின்றார். காற்சட்டைக்கு மேலால் கடித்திருக்கும், அசையவில்லை. “வெறும் நிலம்” என்று மட்டும் சொன்னார். நான் சேர்ந்த அன்று தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்ன அதே இரண்டு சொற்கள்.

இரண்டு வகுப்பறைகள், மேலே ஒரு வாசிகசாலை, இருந்து வாசிக்க அகலப் படிகள், பதிந்த யன்னல்கள். அலுமாரியின் மேலிருந்த நூலகம் எட்மண்டனுக்கு இறங்கி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் சப்பாத்துக்குத் தனி அறை. படங்களைச் சுவரில் ஒட்டினோம். நிர்வாகசபை பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து ரோல்ஸும் தேநீருமாகப் பார்த்தது.

“மேடை எங்க? கலைவிழாவை எங்க வைக்கிறது?”

“கார் விட இடம் காணாது போல கிடக்கு.”

பின்வரிசையில் ஒருவர்: “உந்த யன்னலுக்கால வெளியில விடுப்புப் பாத்துக்கொண்டிருந்தால் பிள்ளையள் எப்ப ஆனா ஆவன்னா எழுதுறது?” எல்லோரும் சிரித்தார்கள்.

ஒர்னெல்லா என் பக்கம் சாய்ந்து, “சிரிக்கிறார்கள். இது நல்ல அறிகுறியா?” என்று கேட்டார். ஓம் என்றேன். யோகராசா எழுந்து தொண்டையைச் செருமினார். “எல்லாம் திறம், மிஸ். எங்கட பிள்ளையளுக்கு இப்பிடி ஒண்டு வேணும். ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில உதுக்குள்ள ஒரு கலியாணம் வைக்கேலுமோ?”

மிஞ்சியது

கட்டிய கட்டடம் இடிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கட்டாத கட்டடம் இடிவதை எங்களைப் போன்றவர்கள்தான் பார்க்கிறோம். அதற்குச் சத்தம் இல்லை.

முதலில் மேல்மாடி போனது. எதிர்வீட்டுத் தோட்டத்தில் நிழல் விழுமாம். மாடியோடு வாசிகசாலை கீழே வந்து ஒரு வகுப்பறையை விழுங்கியது. பிறகு வாகனத் தரிப்பைக் காரணம் காட்டிக் கவுன்சில் முழுவதையும் மறுத்தது. சிறிதாக்கித் திரும்பக் கொடுத்தோம். அதற்கிடையில் மேடை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வேறொரு பள்ளி தொடங்கினார்கள். பிள்ளைகள் குறைந்ததால் வகுப்பறை எதற்கு என்ற கேள்வி வந்தது. வாசிகசாலை ஒரு மூலையாகியது. பிறகு, மூலைக்கு ஏன் கட்டடம், ஒரு புத்தக அலுமாரி வாங்கினால் போதுமே என்று ஒருவர் சொன்னார். நியாயம்தான் என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஒர்னெல்லா குரலை உயர்த்தாமல் திரும்பக் கீறினார். கணினியில் நான் ‘இறுதி’ என்று பெயர் வைத்த படங்களுக்குப் பிறகு ‘இறுதிக்குப் பின்’ என்றும் படங்கள் வந்தன. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியும்.

கடைசியில் எல்லாம் நின்றுபோனது. குளிர்காலம் முழுவதும் எட்மண்டனிலிருந்து சத்தமில்லை. அதே குளிர்காலத்தில் எங்கள் சலவைக் கடைக் கட்டடமும் கைமாறியது; கோடை முடிவதற்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். புதிய இடம் தேடுவோம் என்றேன். ஒர்னெல்லா, ஊரில் தங்கையின் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்றார். கட்டடம் முடிந்தால் போய்விடுவேன் என்று சொன்னவர், முடியாமலே போவதற்குத் தீர்மானித்துவிட்டார்.

அப்போதுதான் யோகராசா என்னை அழைத்தார். தீயணைப்புப் பரிசோதகர் மண்டபத்துக்கு வந்திருக்கிறார். அவசர வழி எங்கே என்று கேட்டிருக்கிறார். அவசர வழியில் பிள்ளைகளின் சப்பாத்துகள் மலையாகக் கிடந்திருக்கின்றன. சப்பாத்துக்கு வேறிடம் இல்லையென்றால் மண்டபத்தை மூட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“அக்கா, மிஸ்ஸின்ர படத்தில வாசலடியில ஒரு சின்ன அறை கீறியிருந்தவ எல்லோ? சின்ன அறைதானே, இப்ப கேட்டனாங்கள், கவுன்சிலும் மறுக்காது போல. அதை மட்டும் கட்டித் தருவாவோ?”

“மற்றது ஒன்றும் இல்லையா? வாசிகசாலை?”

யோகராசாவின் குரல் தாழ்ந்தது. வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். “வாசிகசாலை இல்லாட்டியும் பிள்ளையள் எங்கயாவது இருந்து வாசிப்பினம், அக்கா. சப்பாத்துக்கு இடமில்லாட்டி பள்ளிக்கூடத்தையே பூட்டிப்போடுவாங்கள்.”

முழந்தாளில் இருந்து பார்

இதை ஒர்னெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். சொன்னதும் அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. “ஐந்து வயதுப் பிள்ளையின் சப்பாத்து எவ்வளவு நீளம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கீழே சலவைக் கடையில் காத்திருந்த ஒரு தாயிடம் கேட்டு, அவருடைய மகனின் சப்பாத்தை அளந்துகொண்டு வந்தேன்.

கோவில் கீறுகிறவரைப்போல அதைக் கீறினார். பழைய மண்டபத்தின் சுவர் பலமில்லை, அதில் எதையும் தாங்க வைக்கக் கூடாது என்று டெரன்ஸ் சொன்னார். ஆகவே அந்த அறை தன் சொந்த அத்திவாரத்தில், தன் சொந்தச் சுவர்களில், தன் சொந்தக் கூரையோடு நின்றது. மண்டபத்தோடு அதற்கு இருந்த உறவு ஒரு கதவு மட்டும். டெரன்ஸ் அந்தக் கூரைக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, இதை என் குடையாலேயே தாங்கிப் பிடிப்பேன் என்றார். மூன்று பக்கமும் சிறு சிறு தட்டுகள். நாலாவது பக்கம் நீளமான வாங்கு, பிள்ளையின் கால் தரையில் படும் உயரத்தில். வாங்குக்கு மேலே ஒரு யன்னல்.

சுவர் எழும்பும்போது மேசன் என்னைக் கூப்பிட்டார். வல்வெட்டித்துறைக்காரர், வேலையில் கெட்டிக்காரர். “தங்கச்சி, யன்னல் பிழையான உயரத்தில கிடக்கு. நான் ரெண்டுதரம் அளந்திட்டன். படம் பிழை.” ஒர்னெல்லாவிடம் சொன்னேன். அவர் மேசனின் தோளில் கைவைத்து, “முழந்தாளில் இருந்து பார்” என்றார். அந்தப் பெரிய மனிதர் சீமெந்து படிந்த காற்சட்டையோடு முழந்தாளிட்டார். சுணைச்செடிகளும், வேலியும், வேலியில் ஒரு பூனையும் அவருக்குத் தெரிந்திருக்கும். எழும்பி அடுத்த கல்லை வைத்தார்.

கூரை போட்ட வாரத்தில் பெருமழை. மூன்று பேரும் பார்க்கப் போனோம். டெரன்ஸ் முதலில் உள்ளே போனார். அறையின் மூலையில், யாரோ பிரசாதம் கொடுக்கப்போவதுபோல் வலதுகையை நீட்டிக்கொண்டு நின்றார். மேலேயிருந்து ஒரு துளி அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. ஒர்னெல்லா பாய்ந்து வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். அடைத்துவிடக்கூடிய சிறிய இடைவெளிதான். டெரன்ஸ் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒர்னெல்லாவை வாழ்த்தியது அன்று மட்டும்தான்: “வாழ்த்துகள், ஒர்னெல்லா. ஒழுகுகிறது.”

திறப்பு நாள்

அலுவலகத்தைக் காலி செய்தோம். அலுமாரியின் மேலிருந்த சந்தை, பிரார்த்தனைக்கூடம், பேருந்துத் தரிப்பிடம் எல்லாம் தெருவில் நின்ற குப்பை வண்டிக்குள் போயின. விமானத்தில் எடுத்துப்போக முடியாது. வைக்க எங்களுக்கும் இடமில்லை. நூலகத்தை மட்டும் டெரன்ஸ் ஒரு போர்வையால் சுற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். எங்கே வைக்கப்போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

எட்மண்டனில் அறையைத் திறந்தது ஒரு சனிக்கிழமை. ஒர்னெல்லாவுக்கு அன்று மாலை விமானம். மண்டபத்தின் கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்; சப்பாத்தை மட்டும் எல்லோரையும்போல வாசலில் கழற்றியிருந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். யோகராசா கவுன்சிலுக்கு நன்றி சொன்னார், பரிசோதகருக்கு நன்றி சொன்னார், பெற்றோருக்கும், ரோல்ஸ் செய்து தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி கொண்டுவந்தவருக்கும் நன்றி சொன்னார். “முக்கியமாக, எங்கட இத்தாலி மிஸ்...” என்று தொடங்கியபோது ஒலிபெருக்கி வீரிட்டது. அதைச் சரிசெய்த பிறகு அவர் பிள்ளைகளின் நடனத்தை அறிவித்தார். வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துவிட்டார்.

கார் வந்துவிட்டதென்று நான் கைகாட்ட, ஒர்னெல்லா எழுந்து வாசலுக்கு வந்தார். சப்பாத்து அறையில் நிலா என்ற சின்னப் பிள்ளை நின்றாள். பாலர் வகுப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்டபத்துக் கதவடியில் நின்று உள்ளே போகமாட்டேன் என்று அழுகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று அழவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தாள். அவ்வளவோடு நின்றுவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நடனப் பாட்டுத் தொடங்கியிருந்தது.

“நிலா, உள்ள வாறீங்களோ, இல்லாட்டி வீட்டை போவமோ?” தாய் கேட்டார்.

ஒர்னெல்லா வாங்கில் இருந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன கேட்கிறார்?”

“உள்ளேயா, வீடா என்று கேட்கிறார்.”

ஒரு சப்பாத்தின் கயிறு கட்டப்படாமல் கையில் இருந்தது. வெளியே காரின் ஓசை கேட்டது. ஒர்னெல்லா குனிந்தபடியே, கயிற்றைக் கட்டாமல், பிள்ளையின் பதிலுக்குக் காத்திருந்தார். தாய்க்கு எங்களைப் பார்க்கக் கூச்சமும் அந்தரமுமாக இருந்திருக்க வேண்டும். “ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ, அம்மா. மிஸ்ஸுக்கு நேரம் போகுது, அவவுக்கு வழிய விடோணும்.”

ஓர் இத்தாலியக் கட்டடக் கலைஞரின் முழு லண்டன் வாழ்க்கையிலும் வெறும் நிலத்தில் தொடங்கிக் கூரை வரை போனது இந்தச் சப்பாத்து அறை ஒன்றுதான். நிலா உள்ளேயும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை, வாங்கில் ஏறி யன்னலோரம் இருந்தாள்.